இடப்பக்கம் திறந்த சட்டை

எங்கள் வயதுக்காரர்கள் சந்தித்துக்கொண்டால் இப்போது முதலில் முழங்காலைப் பற்றித்தான் பேசுகிறோம். பிறகு சீனி வருத்தம், பிறகு சொல்வழி கேளாத பிள்ளைகள். தேத்தண்ணி ஆறிப்போன பிறகு யாராவது ஒருவர், "அந்த நாளையிலை மொன்றியலிலை..." என்று தொடங்கிவிடுவார். பனியில் சறுக்கி விழுந்தது, தேவாலயத்தில் கொடுத்த தொளதொள கோட்டு, பஸ் மாறி ஏறி நகரத்தின் மற்றத் தொங்கலுக்குப் போய்த் திரும்பியது எல்லாம் வரும். நன்றாகச் சிரிப்போம். ஆனால் அந்தக் காலத்துச் சம்பவம் ஒன்று எனக்கு இன்றுவரை செமிக்கவில்லை. முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், இதுவும் சிரிக்கக்கூடிய கதைதான். எங்கள் குடும்பத்தில் இதைக் கேட்டுச் சிரிக்காத ஆள் நான் ஒருத்திதான்.

எண்பதுகளின் நடுப்பகுதி. அப்பா ஜெர்மனியில் ஒரு அகதி முகாமில் மாட்டிக்கொண்டிருக்க, அம்மாவும் நானும் மட்டும் இங்கே மொன்றியலுக்கு வந்து சேர்ந்திருந்தோம். கோட்-டி-நேஜ் என்ற பகுதியில் ஒரு பழைய கட்டடத்தில் இரண்டு அறை. சூடாக்கிக் குழாய் யாரோ உள்ளேயிருந்து தட்டுவதுபோல டொக் டொக் என்று சத்தம் போடும். நான் பிரெஞ்சு பழக்கும் வகுப்பில் சேர்க்கப்பட்டிருந்தேன். அம்மா வடக்கே ஒரு உடுப்புத் தொழிற்சாலையில் வேலை செய்தார்.

அம்மா ஊரில் தையல் ரீச்சர். அவரிடம் பழகிய பிள்ளைகள் சந்தியில் சொந்தமாகத் தையல் கடை போட்டிருந்தார்கள். இங்கே அவருக்குக் கிடைத்தது நூல் வெட்டுகிற வேலை. யாரோ தைத்து முடித்த உடுப்புகள் மலைபோல் வந்து விழும். அவற்றில் தொங்கும் நூல் நுனிகளைச் சின்னக் கத்தரியால் வெட்டிவிட வேண்டும். மெசினில் கை வைக்க விடமாட்டார்கள். பின்னேரம் வீட்டுக்கு வரும்போது அவர் தலைமயிரிலும் காலுறையிலும் சிவப்பும் பச்சையும் கறுப்புமாக நூல் துண்டுகள் ஒட்டியிருக்கும். சோபாவில் சாய்ந்துகொண்டு, "எடுத்துவிடு பிள்ளை" என்பார். நான் ஒவ்வொன்றாகப் பொறுக்குவேன்.

எங்களுக்குக் கீழ்வீட்டில் ஒரு சீனப் பெண் இருந்தார். வியட்நாமில் சோலோன் என்ற சீனர் பட்டினத்திலிருந்து படகில் தப்பி வந்தவர். அம்மா அவரை அக்கா என்பார், நான் அன்ரி என்பேன். அன்ரியும் அதே தொழிற்சாலைதான், ஆனால் மாதிரி அறையில். புதிய உடுப்பு ஒன்றை ஆயிரக்கணக்கில் தைக்கும் முன் முதலாவது உடுப்பைத் தைத்துப் பார்க்கும் இடம் அது. நல்ல கை உள்ளவர்களுக்கு மட்டும்தான் அங்கே கதிரை. அதன் கதவு கண்ணாடி. தண்ணீர் குடிக்கப் போகும்போதெல்லாம் அம்மா அந்தக் கண்ணாடியால் உள்ளே பார்த்துவிட்டு வருவார் என்று அன்ரியின் மகள் பிறகு எனக்குச் சொன்னாள்.

அந்தப் பொங்கலுக்கு அம்மா சீலை உடுத்து, அதன் மேல் கோட்டை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனார். உடுப்பு மாற்றும் அறையில் அன்ரி, அம்மா தானே தைத்திருந்த ரவிக்கையின் கையைப் புரட்டி, உட்பக்கத் தையலைப் பார்த்தாராம். அன்று பின்னேரமே மகளையும் கூட்டிக்கொண்டு எங்கள் கதவைத் தட்டினார். கையில் ஒரு துணிப் பொட்டலம்.

பிரித்தபோது முதலில் வந்தது கற்பூர வாசனை. பிறகு நாவற்பழ நிறத்தில் ஒரு பட்டுச் சட்டை. கழுத்தோடு ஒட்டி நிற்கும் கொலர், கணுக்கால் வரை நீளம், இரண்டு பக்கமும் முழங்காலுக்குக் கீழே வெட்டு. கழுத்தடியில் தொடங்கும் திறப்பு நெஞ்சுக்குக் குறுக்கே சரிந்து, வலக் கைக்குழியைத் தொட்டு, வலது விலாவால் இறங்கியது. அதன் நீளத்துக்கும் பட்டு நாடாவை முடிச்சுப் போட்டுச் செய்த பொத்தான்கள். கீழ் விளிம்பில் வெள்ளையாய் ஒரு கறை. அம்மா சட்டையின் முன்பக்கத்தைப் பார்க்கவில்லை. நேரே உட்பக்கத்தைப் புரட்டினார். தோளில் தையலே இல்லை. முன்னும் பின்னும் ஒரே துணி, மடித்து வெட்டியது. விளிம்பைச் சுற்றி நூல் தடிப்பில் ஒரு வெள்ளிக் கரை, கண்ணுக்குத் தெரியாத கைத்தையல். அம்மா அதை நகத்தால் தடவிப் பார்த்துவிட்டு, "கஞ்சி போட்டுத்தான் மடிச்சிருக்கினம்" என்றார். அன்ரிக்கு ஒன்றும் விளங்கியிருக்காது. ஆனால் சிரித்துத் தலையாட்டினார்.

மகள் பிரெஞ்சில் சொல்ல, நான் தெரிந்த மட்டும் தமிழில் சொன்னேன். அது அன்ரியின் தாய் ஷாங்காயில் இளம்பெண்ணாக இருந்தபோது தைப்பித்தது. அன்ரியின் மொழியில் அதற்குப் பெயர் சியோங்சாம். நீளச் சட்டை என்றுதான் அர்த்தமாம். முந்தி அந்த நாட்டில் நீளச் சட்டை ஆண்களின் உடுப்பு. பெண்களுக்கு மேற்சட்டையும் காற்சட்டையும் பாவாடையும். பிறகு பெண் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய காலத்தில், நாங்களும் போடுவோம் என்று ஆண்களின் சட்டையை எடுத்துப் போட்டார்களாம். அதுதான் வருசத்துக்கு வருசம் இடுப்பில் ஒடுங்கி, கொலர் ஏறி இறங்கி, இப்படி வந்து நின்றது. ஷாங்காயில் தங்கியவர்கள் பிற்காலத்தில் இப்படியான சட்டைகளை வைத்திருக்கப் பயந்து வெட்டிக் கால்துடைக்கும் துணியாக்கினார்கள். இது சோலோனுக்கு வந்ததால் தப்பியது. அங்கிருந்து படகில் வரும்போது அன்ரி இதை வயிற்றில் சுற்றிக் கட்டி, மேலே கறுப்புச் சட்டை போட்டு மறைத்தாராம். விளிம்பில் இருந்தது கடல் உப்பு.

மகளுக்குக் கோடையில் கல்யாணம். பாட்டியின் சட்டை அவளுக்கு ஒடுக்கம், பட்டும் இற்றுப்போய்விட்டது. சைனாடவுனில் இப்போது எல்லாம் பொத்தானுக்குப் பதில் சிப் வைத்த நைலோன் சட்டைகள். அன்ரிக்கு இதேபோல, கையால், சிவப்புப் பட்டில் ஒன்று வேண்டும். மகள் கடைசியாக ஒன்று சொன்னாள். கல்யாணத்துக்கு மாதிரி அறை மேற்பார்வைக்காரியும் வருகிறாள். அவளுக்குச் சட்டையைக் காட்டி, இதைத் தைத்த கை நூல் வெட்டிக்கொண்டிருக்கிறது என்று அன்ரி சொல்லப்போகிறார்.

நான் அதை மொழிபெயர்த்து முடிக்குமுன் அம்மா அளவு நாடாவை எடுத்துவிட்டார்.

இனி மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாமா அம்மாவின் அண்ணன். எங்களுக்கு முந்தியே வந்தவர். டோர்வல் விமான நிலையத்தில் தரை கழுவுகிற வேலை. ஊரில் கச்சேரியில், அதாவது அரசாங்கக் கந்தோரில், கிளாக்காக இருந்தவர். அவர் எழுதும் ஆங்கிலத்தை வாசித்துக் கொழும்பில் பெரிய ஆட்களே அகராதி தேடுவார்கள் என்பது எங்கள் குடும்பத்தின் நம்பிக்கை. இங்கே வந்து பார்த்தால் டெபானர் என்கிற மூலைக்கடையில் பால் வாங்கப் போனாலும் அவர் ஆங்கிலத்தில் கேட்பார், கடைக்காரன் பிரெஞ்சில் பதில் சொல்வான். மாமாவின் முகம் அப்போது சுருங்குவதை நான் கண்டிருக்கிறேன். ஆனாலும் வெளி ஆட்களோடு கதைப்பது அவர் பொறுப்பு என்பது சட்டம். ஞாயிறு தோறும் விமானத்தில் மிஞ்சிய சின்னச் சின்ன வெண்ணெய்ப் பொட்டலங்களோடு வருவார். அம்மா அவருக்கு முன்னால் ஆங்கிலத்தில் வாய் திறக்கமாட்டார்.

அன்ரி சிவப்புப் பட்டோடு வந்தது ஒரு ஞாயிறு. மகளுக்கு உணவகத்தில் வேலை, வரவில்லை. மாமா நடுக்கதிரையில் இருந்தார்.

அன்ரி பழைய சட்டையை மேசையில் விரித்து, நெஞ்சுக்குக் குறுக்கே போகும் திறப்பை விரலால் தட்டினார். "ரைட்," என்றார். இன்னொரு தரம் அழுத்தமாகத் தட்டி, "மஸ்ட் ரைட்," என்றார். அவருக்கு அது மிக முக்கியம் என்பது முகத்தில் தெரிந்தது.

எங்கள் ஆட்களுக்கு ரைட் என்றால் என்ன? சரி, அவ்வளவுதான். கண்டக்டர் ரைட் என்றால் பஸ் எடுக்கும். கதை முடிந்தால் ரைட் சொல்லி எழும்புவோம்.

"ரைட், ரைட்," என்றார் மாமா.

"என்னவாம் அண்ணை?"

"இந்த இடத்தைச் சரிப்படுத்தட்டாம்."

அம்மா சட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதிலை பிழை ஒண்டும் இல்லையே. வடிவாய்த்தானே கிடக்கு."

மாமா கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு குனிந்தார். பிறகு கதிரையில் சாய்ந்தார். "நீதானே சொன்னனி, உது முந்தி ஆம்பிளையளின்ரை உடுப்பெண்டு. அதுதான் திறப்பு வலப்பக்கம் கிடக்கு. பொம்பிளைக்கு எந்தப் பக்கம்? கைரேகை பாக்கிறவன் உன்ரை எந்தக் கையைக் கேக்கிறவன்? சிவனிலை அம்மனுக்கு எந்தப் பாகம்? நீ சீலைத் தலைப்பை எந்தத் தோளிலை போடுறாய்? கலியாணச் சட்டையெண்ட படியால் அதைச் சரியாய் வைக்கட்டாம். விளங்கினதோ?"

அம்மாவுக்கு மனம் ஒப்பவில்லை. அன்ரிக்கு எதிரே நின்று, தன் இடப்பக்கத்துக் கைக்குழியைத் தொட்டுக் காட்டி, புருவத்தை உயர்த்தினார். எதிரெதிரே நிற்கும் இரண்டு பேருக்கு இடமும் வலமும் மாறிப்போகும். அன்ரி தன் வலப்பக்கத்தைத் தொட்டு, "ரைட், ரைட்," என்று தலையாட்டினார். மாமா கையை விரித்தார். "பாத்தியோ?"

எனக்கு அப்போது ஆங்கிலம் தெரியாது. இடம் வலம் பிரெஞ்சில் பாடமாகியிருந்தது. வகுப்பில் கையைத் தூக்கித் தூக்கிச் சொல்லியிருக்கிறோம். அன்ரி அதை மகளிடம் சொல்லி, மகள் என்னிடம் சொல்லியிருந்தால் ஒரு நொடியில் முடிந்திருக்கும். ஆனால் மாமா இருக்கும் வீட்டில் யார் ஒரு சின்னப் பெட்டையைக் கேட்கப்போகிறார்கள்?

அம்மா பழைய பத்திரிகைத் தாள்களை ஒட்டி அளவு வெட்டினார். வெட்டியதைப் புரட்டிப் போட்டார். இடம் வலம் மாற்ற அவ்வளவு போதும்.

அந்த வசந்தகாலம் முழுக்க நான் வேறொரு அம்மாவைக் கண்டேன். வேலையால் வந்ததும் நூல் பொறுக்கச் சொல்லமாட்டார். கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, துடைத்து, பட்டைத் தொடுவார். ஊரில் வகுப்பெடுத்த குரல் திரும்பி வந்தது. "நூலை நீளமாய் எடுக்காதை, முடிச்சு விழும்." "இஸ்திரிப் பெட்டியை இழுக்காதை, வைச்சு எடு." பழைய சட்டையில் இடுப்பை ஒடுக்கப் பிடித்துத் தைக்கவில்லை. ஈரத்துணி போட்டு, சூடு காட்டி, துணியையே வளைத்திருந்தார்கள். அதைக் கண்டுபிடித்த அன்று அம்மா எழும்பி அறைக்குள் இரண்டு தரம் நடந்தார். பொத்தான் முடிச்சு மட்டும் பிடிபடவில்லை. என் சப்பாத்துக் கயிற்றை உருவி எடுத்து, அதில் போட்டுப் போட்டுப் பழகினார். நான் வாழைநார் போன்ற ஏதோ பொதிக்கயிற்றால் சப்பாத்தைக் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். கடைசி முடிச்சு சரிவந்தபோது, "ஊரிலை சீனாக்காரன் சைக்கிளிலை பட்டு விக்க வரேக்கை இதையும் ஒருக்கால் காட்டித் தந்திருக்கலாம்" என்று சொல்லிச் சிரித்தார். அவர் சிரிப்பதைக் கேட்டு நெடுநாளாகியிருந்தது.

சட்டை முடிந்தது. இன்று யோசித்தாலும் அதில் ஒரு குறை சொல்ல எனக்கு வராது. சிவப்புப் பட்டு, பொன் கரை, பூப்போல விரிந்த பொத்தான்கள். எல்லாம் இடப்பக்கத்தில்.

கொண்டுபோய்க் கொடுக்க அம்மா சீலை உடுத்தார். மாமா கழுத்தில் ரை கட்டிக்கொண்டு வந்தார். அன்ரியின் கட்டிலில் அம்மா சட்டையை இரண்டு கைகளாலும் விரித்து வைத்தார். அன்ரியின் முகம் மலர்ந்தது, அதை நான் கண்டேன். கொலரைத் தடவினார். கரையைத் தடவினார். பிறகு அவர் கை வலது விலாப் பக்கம் போய்த் திறப்பைத் தேடியது. அங்கே ஒன்றும் இல்லை. கை அப்படியே நின்றது.

மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு என்னைப் பார்த்துப் பிரெஞ்சில் மெல்லச் சொன்னாள். அதில் அம்மாவின் காதில் விழுந்தது "மோர்" என்ற ஒரு சொல்தான்.

"மோரோ?" என்றார் அம்மா, ஒன்றும் புரியாமல் என் பக்கம் திரும்பி. "மோர் வேணுமாமோ பிள்ளை?"

"இல்லையம்மா. மோர் எண்டால் பிரெஞ்சிலை செத்த ஆக்கள். இடப்பக்கம் திறக்கிற சட்டை செத்த ஆக்களுக்குப் போட்டு விடுறதாம்."

அம்மா கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். செத்தவீட்டில் எல்லாவற்றையும் இடம் வலம் மாற்றிச் செய்யும் சனம் நாங்கள். அவருக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கல்யாணப் பெண்ணுக்குப் பிரேதச் சட்டை தைத்துக் கொண்டுவந்து கட்டிலில் விரித்திருக்கிறோம்.

அன்ரி மாமாவைப் பார்த்து, தன் வலது நெஞ்சைத் தட்டி, "ஐ சே ரைட்," என்றார். சத்தம் போடவில்லை. அன்ரி சொன்ன ரைட் வலப்பக்கம் என்பது மாமாவுக்கு அந்த நிமிடத்தில் விளங்கியது. விளங்கியது என்று நான் சத்தியம் பண்ணுவேன், டெபானரில் சுருங்கும் அதே முகம். ஆனால் அடுத்த நிமிடம் ரையைச் சரிசெய்துகொண்டு, அம்மாவைக் கையால் காட்டி, ஆங்கிலத்தில் நீளமாக ஏதோ சொன்னார். "மை சிஸ்டர்" என்பதும், "நோ எடியுகேசன்" என்பதும், தலையை ஆட்டிய விதமும் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. அம்மாவுக்கும் அந்தச் சொற்கள் தெரியும்.

அன்ரி அம்மாவைப் பார்த்தார். பிறகு சட்டையைத் தாளில் மடித்து அலுமாரிக்குள் வைத்துவிட்டார்.

படியேறி வந்ததும் நான் கீழே ஓடப் பார்த்தேன். மகளிடம் பிரெஞ்சில் எல்லாவற்றையும் சொல்லிவிடலாம், எனக்கு அவ்வளவு வார்த்தைகள் இருந்தன. அம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"சொல்லாதை பிள்ளை."

"மாமாதானேயம்மா பிழை விட்டவர்!"

"ஓம். அவருக்கு இந்த நாட்டிலை அந்த இங்கிலிஸ் மட்டும்தான் இருக்கு. அதையும் நாங்கள் பறிக்கக் கூடாது."

அப்போது அதைப் பெருந்தன்மை என்று நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. அண்ணனுக்கு ஆங்கிலம் மட்டும்தான் இருந்தது என்றால், தங்கைக்கு அந்தக் கையை விட வேறு என்ன இருந்தது? அதைப் பற்றி ஒருவரும் யோசிக்கவில்லை. அம்மாவும் யோசிக்கவில்லை. எனக்குக் கோபம் அவரிலும்தான்.

கல்யாணப் பெண் வாடகைக்கு எடுத்த நைலோன் சட்டையில் கல்யாணம் முடித்தாள். மேற்பார்வைக்காரி வந்து சாப்பிட்டுவிட்டுப் போனாள். அன்ரி அம்மாவோடு கோபிக்கவில்லை, பஸ்ஸில் பக்கத்தில்தான் இருப்பார், ஆனால் மாதிரி அறையைப் பற்றிய பேச்சு பிறகு வரவில்லை. அடுத்த வருடம் அவர்கள் வேறு பக்கம் மாறிப் போனார்கள். அம்மா அந்தத் தொழிற்சாலை மூடும்வரை நூல் வெட்டினார். வீட்டில் என் காற்சட்டைக்குக் கீழ்மடிப்பு அடித்ததைத் தவிர வேறொன்றும் தைக்கவில்லை. அப்பா வந்து சேர்ந்த பிறகு ஒரு மெசின் வாங்கித் தந்தார். அது துணி மூடியபடி கிடந்தது.

பிற்காலத்தில் ஒரு அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் அப்படியான சட்டைகள் வரிசையாக நிற்கக் கண்டேன். எல்லாம் வலப்பக்கம். ஆணுக்கும் வலம், பெண்ணுக்கும் வலம், உயிரோடு இருப்பவர்கள் எல்லோருக்கும் ஒரே பக்கம்தான் என்று எழுதியிருந்தது. எந்தப் பெண்கள் ஆணுக்கும் எங்களுக்கும் ஒரே உடுப்பு என்று அதைப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினார்களோ, அவர்களுடைய சட்டையைத்தான் எங்கள் மாமா பெண்ணுக்குரிய பக்கத்துக்கு மாற்றிக் கொடுத்திருந்தார். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. வெளியே வந்துவிட்டேன்.

போன வருடம் மாமாவுக்கு எண்பது. பியர்பொன்ட்ஸில் அவருடைய மகன் வீட்டு நிலவறையில் பலூன் கட்டி, கேக் வைத்து, ஊர்ச் சனம் முழுக்கக் கூப்பிட்டிருந்தார்கள். சாப்பாடு முடிந்ததும் மாமா மைக்கை வாங்கினார். எனக்குத் தெரியும், அந்தச் சட்டைக் கதை வரப்போகிறது.

"என்ரை தங்கச்சி இருக்கிறாளே," என்று தொடங்கினார். "வந்த புதுசிலை ஒரு சீனத்தியின்ரை மகளுக்குக் கலியாணச் சட்டை தைக்கிறன் எண்டு வெளிக்கிட்டு, பிரேதச் சட்டை தைச்சுக் குடுத்தவள்! நான் அண்டைக்கு இங்கிலிஸிலை கதைச்சுச் சமாளிச்சிராட்டி, சீனத்தி எங்களைப் பொலிசிலை பிடிச்சுக் குடுத்திருப்பாள்!"

நிலவறை அதிரச் சிரித்தார்கள். மருமக்கள் தங்கள் பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தில் சொல்ல, அதுகளும் சிரித்தன. நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா கைலேஞ்சியால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார். மாமாவுக்கு இப்போது காது சரியில்லை, ஞாபகமும் கலைந்துவிட்டது. அவர் வாயில் வருவதை இப்போது அவரே நம்புகிறார் என்று நினைக்கிறேன். அவரோடு சண்டை பிடிக்கும் காலம் எப்போதோ போய்விட்டது.

திரும்பி வரும்போது காரில் கேட்டுவிட்டேன்.

"ஏனம்மா நீங்களும் சேர்ந்து சிரிச்சனீங்கள்?"

அம்மா கண்ணாடியால் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது அவர் விட்ட பிழை. உங்களைத்தான் எல்லாரும் பகிடி பண்ணுகினம். ஒரு நாளாவது நிப்பாட்டச் சொல்லியிருக்கலாமே."

"நிப்பாட்டச் சொல்லி?" அம்மா என் பக்கம் திரும்பினார். "அண்ணை அந்தக் கதையைச் சொல்லேக்கை மட்டும்தான் பிள்ளை, நான் இந்த நாட்டிலை ஒரு சட்டை தைச்சனான் எண்டு நாலு சனத்துக்குத் தெரியவருது."